நியூசிலாந்தில் மாகாண ரக்பி ஏன் தடுமாறுகிறது?

மாகாண ரக்பி என்பது ஒரு வட்டாரத்தின் கிளப்களில் ஆடுபவர்களைத் திரட்டி, அந்த வட்டாரத்தின் பெயரில் இறங்கும் அணிகளின் ஆட்டம். நியூசிலாந்தில் 26 மாகாணச் சங்கங்கள் உள்ளன. அவற்றுக்கான தேசியப் போட்டி 1976-இல் தொடங்கியது.

1995-இல் ரக்பி தொழில்முறை ஆட்டமானது. மறு ஆண்டே வந்த, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா அணிகள் மோதும் சூப்பர் 12 போட்டிக்காக நியூசிலாந்தில் ஐந்து பெரிய அணிகள் உருவாயின. தொலைக்காட்சிப் பணமும் பார்வையாளர் கவனமும் அங்கே போயின. மாகாணப் போட்டி நடக்கும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில்தான் நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸுக்கும் சர்வதேச ஆட்டங்கள். அதனால் நட்சத்திரங்கள் சொந்த மாகாணத்துக்கு அபூர்வமாகவே ஆடுகிறார்கள், அரங்கமும் நிரம்புவதில்லை. ஆனால் 14 முதல்நிலை மாகாண அணிகளின் சம்பளம், பயணம், பயிற்சியாளர் செலவு மட்டும் குறையவில்லை. டிக்கெட் வருமானம் அதற்குப் போதாது; தேசியச் சங்கம் பகிர்ந்து தரும் தொகையை நம்பித்தான் பல சங்கங்கள் ஓடுகின்றன.

இதை நாற்றங்காலோடு ஒப்பிடலாம். நாற்று வளர்வது ஓரிடம், பிடுங்கி நடுவது வேறு வயல், விளைச்சல் பணமும் அந்த வயலுக்கே. நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடும் செலவை யார் ஏற்பது என்பதே இன்றைய சண்டை. மாகாண ரக்பியை வெறும் நஷ்டக் கணக்காகப் பார்ப்பது பெரிய தவறு. 1904 முதல் மாகாண அணிகளின் சவால் ஆட்டங்களில் கைமாறிவரும் ரான்ஃபர்லி கேடயம் இன்னும் சிறு ஊர்களையும் உலுக்குகிறது.

அந்த ஐந்து பெரிய அணிகளில் ஒன்றான குருசேடர்ஸ்தான் கேன்டர்பரி மாகாண அணி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது டாஸ்மன் உள்ளிட்ட வேறு பல சங்கங்களின் பகுதிகளையும் சேர்த்த தனி அணி.