மரத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறேன்: பேக்கப் எங்கே போடுவது?

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். நண்பர்களோடு வில் வேட்டைக்கு உரிமம் எடுத்திருக்கிறேன். இடுப்பில் சாடில் (உட்கார்ந்தபடி தொங்க உதவும் வார்ப்பட்டை) மாட்டி, மரத்தில் சுமார் 18 அடி உயரத்தில் தொங்கியபடி மானுக்குக் காத்திருப்போம். என்னைத் தாங்குவது, மரத்தோடு என்னை இணைக்கும் டெதர் என்ற ஒரே ஒரு கயிறு. அதில் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும், பற்கள் வைத்த ரோப் கிராப் ஒன்று, காரபினர் என்ற உலோகக் கொக்கி ஒன்று, அவ்வளவுதான். "அந்த ஒண்ணு போச்சுன்னா?" என்று மனைவி கேட்கிறார். இரண்டாவதாக ஒரு கயிறு கட்டினால் போதுமா?

பதில்: கேள்வி நியாயமானது. ஆனால் கயிறு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் மட்டும் இதை யோசித்தால் பேக்கப்பைத் தவறான இடத்தில் கட்டிவிடுவீர்கள். ஏ வகைச் சான்று பெற்ற ஸ்டாட்டிக் கயிறு (அதிகம் நீளாத கயிறு) குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது 2 டன்னுக்கு மேல் தாங்க வேண்டும். முடிச்சுப் போடுவதால் மூன்றில் ஒரு பங்கு பலம் போனாலும், தொங்கும் ஓர் ஆளுக்கு மிச்சம் இருப்பதே தாராளம். கயிற்றைப் பிடித்திருக்கும் கருவி நழுவுவது, ஒரு கயிற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எதிலுமே மாட்டாமல் நிற்பது, கயிற்றைத் தொய்வாக விட்டுவிட்டு வழுக்குவது. கவலைப்பட வேண்டியவை இவைதான்.

முதலில் கிராப். நீங்கள் தொங்கும் சங்கிலியில் கையால் திறந்து மூடுகிற உறுப்பு அது. ஜாக்கெட் நுனியோ சுள்ளியோ அதன் வாயில் சிக்கலாம். நவம்பர் காலையில் நனைந்த கயிறு உறைந்துபோனால் பிடி வழுக்கலாம். இன்னொரு விஷயம், பல் வைத்த கிராப் திடீர் இழுப்புக்காகச் செய்யப்பட்டதல்ல. ஏறக்குறைய 4 முதல் 6 கிலோநியூட்டன் அதிர்ச்சியிலேயே இந்த வகைக் கருவிகள் கயிற்றின் மேலுறையைக் கிழித்துவிடும்.

இதற்கு மருந்து எளிது, செலவும் ஒரு காரபினர்தான். வேட்டை உயரத்துக்குப் போய், கயிற்றின் நீளத்தைச் சரிசெய்து உட்கார்ந்த பிறகு, கிராப்புக்குக் கீழே தொங்கும் மிச்சக் கயிற்றை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இரட்டையாக மடித்து 8 வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள். ஒரு கண், அதாவது சிறு வளையம், கிடைக்கும். அதை இன்னொரு பூட்டுக் காரபினரால் பிரிட்ஜில், அதாவது இடுப்பின் இரு பக்க வளையங்களையும் இணைக்கும் அந்தக் குட்டைக் கயிற்றில், மாட்டுங்கள். கிராப் நழுவினாலும், காரபினரே திறந்துகொண்டாலும், ஒரு சாண் இறங்கி நின்றுவிடுவீர்கள். கயிற்றின் கடைசி நுனியிலும் ஒரு தடுப்பு முடிச்சு எப்போதும் இருக்கட்டும்.

நீளத்தை அடிக்கடி மாற்றுகிறவராக இருந்தால் ஒவ்வொரு முறையும் அந்த 8 வடிவ முடிச்சை அவிழ்த்துக் கட்டுவது எரிச்சல்தான். அப்போது புருசிக் உதவும்; எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும் சுற்று முடிச்சு அது. 11 மி.மீ. கயிற்றுக்கு 6 அல்லது 7 மி.மீ. மெல்லிய நைலான் கயிறு எடுத்து, இரு நுனிகளையும் டபுள் ஃபிஷர்மேன் முடிச்சால் இணைத்து வளையமாக்கி, டெதரில் மூன்று சுற்றுச் சுற்றி, தனிக் காரபினரில் மாட்டுங்கள். அது கிராப்புக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால், நழுவி வரும் கிராப் புருசிக்கை இடித்துத் தள்ளிக்கொண்டே இறங்கும். முடிச்சு இறுகவே இறுகாது. டைனீமா என்ற செயற்கை இழை நாடாவில் புருசிக் வேண்டாம். பலம் அதிகம் என்று விற்பார்கள், உண்மைதான், ஆனால் அது வழவழப்பானது, 150 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும். உரசலில் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை.

சரி, இவ்வளவும் செய்தாலும் எல்லாம் ஒரே பிரிட்ஜில்தான் வந்து முடிகிறது. அந்தக் கயிறுதான் தினமும் காரபினரில் உரசித் தேய்வது. எனவே அதைவிட இரண்டு விரல்கடை நீளமாக இரண்டாவது பிரிட்ஜ் ஒன்றைப் போட்டு, பேக்கப் காரபினரை அதில் மாட்டுங்கள். உங்கள் சாடிலின் எந்த வளையம் முழு எடைக்கு ஏற்றது என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கருவி மாட்டுவதற்கான வளையம் ஆளைத் தாங்கும் வளையம் மாதிரியே தைக்கப்பட்டிருக்கும். பார்த்து ஏமாறாதீர்கள்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கயிறு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது: ஏறும்போது மரத்தைச் சுற்றிப் போடும் லைன்மேன் பெல்ட். பலர் மேலே போனதும் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறார்கள். கழற்றும் வரிசை முக்கியம். முதலில் டெதரை மரத்தில் சுற்றி இறுக்கி, பிரிட்ஜில் மாட்டி, முழு எடையையும் அதில் இறக்கி உட்கார்ந்து பாருங்கள். அசையவில்லை என்றால் மட்டும் லைன்மேன் பெல்ட்டில் கை வையுங்கள். கிளையைத் தாண்ட வேண்டியிருந்தால் கிளைக்கு மேலே ஒன்று மாட்டிய பிறகுதான் கீழே உள்ளதைக் கழற்ற வேண்டும். ஒரு விநாடிகூட எதிலும் மாட்டாமல் நிற்கக் கூடாது. ஏணிப் படிதானே, கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும் இடம்தான் ஆபத்து.

ஆனால் லைன்மேன் பெல்ட்டை விழாமல் காக்கும் கருவி என்று நம்பிவிட வேண்டாம். அது மரத்தை அணைத்திருக்கிறது, இறுக்கவில்லை. கால் வழுக்கினால் வழவழப்பான அடிமரத்தில் உங்களோடு சேர்ந்து அதுவும் சறுக்கும். சுருக்குப் போட்டு இறுகும் டெதர் அப்படிச் சறுக்காது. ஆகவே மேலே போனபின் லைன்மேன் பெல்ட்டின் கயிற்றை இரண்டாவது ஆங்கராக (மரத்தில் பிடிப்புத் தரும் கட்டாக) வைத்துக்கொள்ள விரும்பினால், அதையும் டெதருக்குப் பக்கத்தில் சுருக்காகக் கட்டுங்கள். கயிற்றில் அதற்கான தைத்த கண் இருக்க வேண்டும்.

அப்புறம் தொய்வு. டெதர் உங்கள் கண் மட்டத்துக்குக் குறையாத உயரத்தில், எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். 80 கிலோ ஆள் 60 செ.மீ. விழுந்து, ஸ்டாட்டிக் கயிற்றில் 10 செ.மீ. தூரத்தில் நின்றால், சராசரி இழுப்பே சுமார் 5.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 560 கிலோ. மேலே சொன்ன கிராப் கிழிக்கும் எல்லைக்குள் வந்துவிட்டது, உங்கள் இடுப்பெலும்பின் கதை தனி. பேக்கப் கயிற்றுக்கும் இதே கணக்குதான்: 'சும்மா இருக்கட்டும்' என்று இரண்டடி தொய்வோடு கட்டிய பேக்கப், விழுந்தபின் உதைக்கிற பேக்கப்.

கட்டியதெல்லாம் வேலை செய்கிறதா என்று மரத்தில் முழங்கால் உயரத்தில் சோதியுங்கள். தொங்கிக்கொண்டு, வேட்டைக் கையுறையோடு, கிராப்பை வேண்டுமென்றே விடுவியுங்கள். எவ்வளவு இறங்கினீர்கள், அங்கிருந்து காலை ஊன்றி எழ முடிகிறதா, பாருங்கள். எழ முடியவில்லை என்றால் கால் வைக்க ஒரு நாடா வளையம் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும், ஏனென்றால் அசையாமல் நெடுநேரம் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. போன் பையில் இல்லாமல் மார்புச் சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஒரே ஸ்டிக்கை (மரத்தில் கட்டி ஏறும் குட்டைப் படி) மேலே மேலே மாற்றிக் கட்டி ஏறிவிட்டுக் கயிறு வழியாக இறங்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதற்குத் தனி பேக்கப் வேண்டும்: இறங்கு கருவியைச் சற்று நீட்டி மேலே மாட்டி, அதன் கீழே ஆட்டோபிளாக் முடிச்சு, அதாவது புருசிக் போலவே கயிற்றைச் சுற்றி இறுகும் முடிச்சு. முன்பு சொன்னதற்கு இது நேர் எதிராகத் தோன்றலாம். இங்கே கீழ்க்கயிற்றைப் பிடிக்கும் கையின் வேலையைத்தான் முடிச்சு செய்கிறது. கருவி அதைத் தொடாதபடி இடைவெளி இருந்தால் பிடிக்கும், தொட்டால் பிடிக்காது. அந்த இடைவெளியைக் கயிறு வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சரிபார்க்கும்வரை, ஏறிய படிகளிலேயே லைன்மேன் பெல்ட்டோடு இறங்குங்கள்.