அரை மணிக்கூர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

வீணை தனம்மாள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த அன்றைக்கே அவருடைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்டேன். மொத்தமே கொஞ்சம்தான் கிடைக்கிறது. இரைச்சலுக்கு அடியில், நாலு வீடு தள்ளி யாரோ வாசிப்பதுபோல வீணை கேட்கிறது. இதற்கா இவ்வளவு மரியாதை என்று பெங்களூரில் என் அறை நண்பன் கேட்டான். "கம்மியா இருக்கறதாலதான் மரியாதை. ஐம்பது ஆல்பம் போட்டிருந்தா எவனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்" என்பது அவன் கட்சி. அவனுக்கு உயிரான இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக் மூன்றே ஆல்பங்களோடு 26 வயதில் போய்ச் சேர்ந்தவர். அவர் விஷயத்திலும் இதையேதான் சொல்கிறான். தோவாளைப் பூச்சந்தையில் வரத்து குறைந்தால் பிச்சிப்பூ விலை ஏறுமே, அதுதானா இது?

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அம்மையின் அப்பா, எங்கள் பாட்டா, நாற்பது வருடம் வில்லுப்பாட்டுப் பாடியவர். இரணியல், தக்கலை வட்டாரத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது என்று அம்மை சொல்வாள். அவர் குரலில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேசட். அதை யூடியூபில் போடலாமா? ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு அவரைப் பெரிய கலைஞர் என்று சொன்னால் ஊர் சிரிக்குமா?

ம., தக்கலை

*

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பரைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. கிடைக்காத பொருளுக்கு மவுசு கூடத்தான் செய்யும். கேட்காத பாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம், மறுத்துப் பேசப் பதிவு இல்லையே. ஆனால் தோவாளைக் கணக்கைச் சொன்னீர்கள் பாருங்கள், நண்பருக்கான பதில் அதிலேயே இருக்கிறது. வரத்து குறைந்தால் பிச்சிக்கு விலை ஏறும். வேலியோரத்து ஊமத்தம்பூவுக்கு ஏறுமா?

அவரை முதலில் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைக் கேட்கச் சொல்லுங்கள். 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் முதன்முதலாகப் பதிவு செய்ய வந்தபோது பாடியவர். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். அதற்குள் ஒரு ராகத்தை எடுத்து, காட்டி, முடித்து, கடைசியில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். ஜெர்மனியில் தட்டு அச்சடிக்கிறவன் லேபிளில் பெயரை மாற்றிப் போட்டுவிடக் கூடாதே! சுமார் 600 பதிவுகள் செய்தார். அதனால் அவர் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆக எண்ணிக்கையில் இல்லை விஷயம். கொஞ்சமாக வெளியிட்டவர்கள் என்று எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936இலும் 37இலும் டெக்சாசில் பதிவுக்கு உட்கார்ந்து 29 பாட்டுப் பாடினார், அடுத்த வருடம் 27 வயதில் இறந்துபோனார். அது ஆயுள் கொடுக்காத கணக்கு. தனம்மாள் கதை வேறு. சென்னை ஜார்ஜ்டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், மூச்சுவிடவே யோசிக்கிற பத்துப்பேருக்கு முன்னால் வாசித்தவர் அவர். ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. இசைத்தட்டுக்காக அவரை வாசிக்கவைத்தபோது அறுபதைத் தாண்டிவிட்டார். நாலு வீடு தள்ளிக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த வாசிப்பு பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்காக உண்டானது.

கர்நாடக இசைப் பாடகர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை இன்னும் ஒரு படி மேலே. 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். கிராமபோன் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வாழ்ந்தும் பதிவு செய்ய மாட்டேன் என்று இருந்துவிட்டார். இன்றைக்கு அவர் குரல் ஒரு விநாடிகூடக் கிடையாது. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையத் தாளக்காரர்களை உட்காரவைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கணக்கில் ஈடுகொடுத்துப் பாடுவாராம். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்று அதற்குப் பெயரே உண்டு. இந்த 'பாடுவாராம்' இருக்கிறதே, உங்கள் நண்பர் சந்தேகப்படுவது இதைத்தான். நானும் சந்தேகப்பட்டிருப்பேன், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை இல்லாதிருந்தால். நாயனா பிள்ளையிடம் படித்தவர் அவர், பதிவுகள் இருக்கின்றன. லயத்தில் அவர் காட்டும் பிடியைக் கேட்டால் இது எந்த வீட்டுச் சாப்பாடு என்று தெரிந்துவிடும். தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பாடம் கேட்டது அதே நாயனா பிள்ளையிடம்தான். பிருந்தாவும் தட்டு, கேசட் என்று அலைந்தவர் இல்லை. ஆனால் அவரிடம் படித்த அருணா சாய்ராம் பதம் பாடும்போது அந்த வீடு எட்டிப் பார்க்கும்.

வடக்கே அன்னபூர்ணா தேவி. மைஹர் அலாவுதீன் கானின் மகள், சிதாரைப் போன்ற, அதைவிடப் பெரிய சுர்பகார் வாசித்தவர். 1950களிலேயே மேடையை விட்டுவிட்டு, 2018இல் மும்பையில் கண்மூடும்வரை கதவைச் சாத்திக்கொண்டே இருந்தார். அந்தக் கதவைத் தட்டியவர்களில் ஒருவர் ஹரிபிரசாத் சௌராசியா. அப்போதே பம்பாய் சினிமா ஸ்டுடியோக்களில் வாசித்துப் பெயர் வாங்கியிருந்த ஆள். அன்னபூர்ணா தேவிக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தயார் என்று காட்ட, புல்லாங்குழலையே இடப்பக்கம் மாற்றிப் பிடித்துப் பழகினார். இசைத்தட்டு வெளியிட்டவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒருவர் குழலை மாற்றிப் பிடித்திருப்பார்?

வெளியீடு என்பது கம்பெனிக்காரன் கணக்கு, தம்பி. அந்தக் கணக்கு வந்தே நூறு வருடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகிறது. நம்ம நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் 1839இல் பிறந்த, பாட்டுக் கட்டிய நீலகண்ட சிவன் 1900இல் போய்விட்டார், கல்கத்தாவுக்குப் பதிவு எந்திரம் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால். அவருடைய 'என்றைக்கு சிவகிருபை வருமோ'வை முகாரியில் யாராவது பாடாத சீசன் சென்னையில் உண்டா?

சரி, பாட்டாவுக்கு வருகிறேன்.

1990களின் தொடக்கம். பூதப்பாண்டி பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஊரில் கொடை. நான் அப்போது நாட்டார் கலை என்று கிறுக்குப் பிடித்து அலைந்துகொண்டிருந்தேன். கடன் வாங்கிய டேப் ரிக்கார்டரும் அறுபது நிமிடக் கேசட் ஒன்றும் எடுத்துக்கொண்டு போனேன். வில்லுப்பாட்டுப் புலவர் பந்தலில் வில்லைக் குடத்தின் கழுத்தில் வைத்துக் கட்டி, மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயசிருக்கும். கறுத்து ஒடுங்கிய உடம்பு, வெற்றிலைச் சிவப்பில் வாய். பெட்டியைப் பார்த்துவிட்டு,

"இதுல எவ்வளவு நேரம் பிடிக்கும் மக்கா?" என்றார்.

"ஒரு பக்கத்துக்கு அரை மணிக்கூர்."

குடக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "அரை மணிக்கூராம் வேய். அதுக்குள்ள சொடலை பொறக்கவே மாட்டானே!"

பந்தலே சிரித்தது. அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை என்பது ராத்திரிதான் புரிந்தது. காப்புப் பாட வேண்டும், குருவடி பாட வேண்டும், அப்புறம் கைலாசத்துக்குப் போக வேண்டும். அங்கே சுடலைமாடன் பிறக்க, பார்வதி எரிகிற விளக்குச் சுடரை முந்தானையில் ஏந்த வேண்டும். அவசரப்பட முடியாது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைவரம் கேட்டு வந்த பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். சுடர் முந்தானையில் விழுந்தபோது என் கேசட் 'டக்' என்று நின்றது.

நடு ராத்திரிக்கு வரத்துப் பாட்டு. நீங்கள் பூச்சந்தை வரத்தைச் சொன்னீர்கள், எங்களுக்கு வரத்து என்றால் இது. சாமி ஆளின்மேல் வந்து இறங்கப் பாடுவது. அன்றைக்கு சாமி இறங்கவில்லை. சாமியாடி மாலையோடு கல்லாக நின்றார். புலவர் பாடிய இரண்டு வரியையே திரும்பப் பாடினார். உடுக்கையை நிறுத்தச் சொன்னார். வில்லை அடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்தார். வெறும் குடம் மட்டும், கிணற்றுக்குள் கேட்பதுபோல. அதே இரண்டு வரி, ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லில் மட்டும் இழுப்பு மாறுகிறது. பாடுகிறவர் கண் சாமியாடியின் காலிலேயே இருக்கிறது. இருபது தடவையா முப்பது தடவையா, எனக்கு எண்ணத் தோன்றவில்லை. திடீரென்று அந்த வலது குதிகால் துடித்தது. அந்த நொடியில் வீசுகோல் கைக்கு எப்படி வந்தது என்று நான் பார்க்கவில்லை. வில்மணி அத்தனையும் ஒரே அடியாக விழுந்தது, குரவை கிளம்பியது. என் கையில் இருந்த பெட்டி அப்போதும் சும்மாதான் இருந்தது. கேசட்டைத் திருப்பிப் போட மறந்துபோயிருந்தேன்.

இந்த இசையை எதில் வெளியிடுவது? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நம்ம ஒழுகினசேரிக்காரர், வில்லுப்பாட்டை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார், கதையையும் காந்தி மகான் கதையாக மாற்றினார். பிறகு வானொலி. 1984இல் நாகர்கோவில் நிலையம் வந்தது. நேரத்துக்குள் அடங்குகிற வில்லுப்பாட்டு ஒன்று உண்டாயிற்று, நல்ல கலைஞர்களும் வந்தார்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எதிரே துடிக்கிற குதிகால் இல்லாமல் பாடுவது வேறு தொழில்.

உங்கள் பாட்டா பெரிய கலைஞரா? எனக்குத் தெரியாது. கேசட் ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக அவரை நாயனா பிள்ளை பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள், உங்கள் நண்பர் சொன்ன குற்றம் அப்போது உண்மையாகிவிடும். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அவருக்குப் பின்பாட்டாக இடப்பாட்டுப் பாடியவர், குடம் அடித்தவர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் எண்பதைத் தாண்டியிருப்பார்கள், ஓணத்துக்கு வரும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். 'பாட்டா நல்லா பாடுவாரா' என்று கேட்காதீர்கள், ஆமா மக்கா என்பார்கள், முடிந்தது. எந்த இடத்தில் மற்ற புலவர்களிலிருந்து மாறிப் பாடுவார், பாடிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பாடிக் காட்டினால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மீதி, கோயில்களின் பழைய வரவுசெலவு நோட்டில் இருக்கும். ஒரே ஊர் அவருக்கு எத்தனை வருடம் திரும்பத் திரும்ப அச்சாரம் கொடுத்தது என்று பாருங்கள். சாமி இறங்காத புலவனை நம்ம ஊர்க்காரர்கள் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்கள், சொந்த மச்சினன் என்றாலும்.

கேசட்டைத் தாராளமாக யூடியூபில் போடுங்கள். ஆனால் பரணிலிருந்து எடுத்த கையோடு பிளேயரில் சொருகிவிடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பூத்திருந்தால் தெரிந்த ஆளிடம் கொடுத்து எடுங்கள். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுப் பட்டை நம்ம ஊர் ஈரத்துக்குப் பசைவிட்டு உதிர்ந்திருக்கும், அது இல்லாவிட்டால் குரல் மங்கித்தான் கேட்கும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்பி3 ஆக்காமல் முழுசாக ஏற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள். இரைச்சல் நீக்குகிறேன் என்று ஜெனரேட்டர் சத்தத்தையும் குரவையையும் துடைத்துவிடாதீர்கள். பாட்டா யாருக்குப் பாடினார் என்பது அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்று ராத்திரியே அம்மைக்கு போன் போட்டு ஒரு வேலை சொல்லுங்கள். கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் காது ஒன்று இருக்கும். இரண்டையும் உடைத்துவிடச் சொல்லுங்கள். உடைத்தால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை. அந்தப் புலவர் கைலாசம் வரை பாடிய அரை மணிக்கூரின் மேல் ஆறு மாதம் கழித்து சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டேன். அந்தக் கேசட் இப்போதும் என்னிடம் இருக்கிறது, பாட்டெல்லாம் நன்றாகவே கேட்கிறது.

அன்புடன்.