கணக்குக்கும் கலாச்சாரத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

கணக்கு உலகம் பூரா ஒண்ணுதானே, இதுல கலாச்சாரம் எங்க வந்துச்சுன்னு கேட்டிருக்கீங்க. விடை ஒண்ணுதாங்க, ஆனா அதுக்குப் போற வழி ஊருக்கு ஊர் மாறும். பாம்பன் பக்கம் மீனவங்க கடல்ல ஆழத்த மீட்டர்ல சொல்ல மாட்டாங்க, பாகம்னுதான் சொல்வாங்க, ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், கிட்டத்தட்ட 6 அடி, கயித்த அப்படியே கையால அளந்து இறக்குவாங்க. கரைக்கு வந்ததும் கிடைச்சத படகுக்கு, வலைக்கு, ஆளுக்குன்னு பங்கு பிரிப்பாங்க பாருங்க, அது சுத்தமான பின்னம், ஆனா அதே வீட்டுப் பையன் ஸ்கூல்ல பின்னத்துல ஃபெயில், ஏன்னா அங்க பீட்சாவ வெட்டச் சொல்றாங்க (இவன் பீட்சாவ எங்க பாத்தான்!). நம்ம பழைய எண்சுவடில (அந்தக் காலத்து வாய்ப்பாட்டுப் புத்தகம்) அரைக்கால், மாகாணின்னு 1/8, 1/16-க்கே தனிப் பேரு உண்டு. பிரேசில் கணித அறிஞர் டி'அம்ப்ரோசியோ இந்த மாதிரி விஷயத்தத்தான், அதாவது அந்தந்த மக்களோட வாழ்க்கையிலயே இருக்கிற கணக்கத்தான், இனக்கணிதம்னு (ethnomathematics) பேசினாரு. வாத்தியாரு பங்குல ஆரம்பிச்சு அப்புறமா a/b-க்குப் போனா போதும்னு நான் நினைக்கிறேன், பீட்சா பிறகு வரட்டும்.