வரப்பில் நகரும் விளக்கும் நுண்குழலில் நகரும் சரக்கும்

கேள்வி: செல்லுக்குள் உள்ள நுண்குழல்கள் (மைக்ரோடியூபுல்) என்னும் புரத இழைகளின் மீது மூலக்கூறுச் சரக்குகள் ஒளிப்புள்ளிகளாக நகரும் காணொளியை வகுப்பில் பார்த்தோம். ஒரு புள்ளியை இயக்கப் புரதம் இழுத்துச் செல்கிறதா, அல்லது அது விரவலால் (டிஃப்யூஷன்) தற்செயலாக அலைகிறதா என்பதை எப்படிப் பிரித்தறிவது?
- முதுகலை மாணவி, மன்னார்குடி

பதில்: ஓரிரு நொடிகளைப் பார்த்து முடிவுகட்ட முடியாது. குறுவைக் காலத்தில் இருட்டிய பின் உங்கள் ஊர் வயல்வெளியில், மோட்டார் கொட்டகைக்குப் போகிறவர் கையிலும், எலி வளை தேடி வரப்பில் முன்னும் பின்னும் நடப்பவர் கையிலும் டார்ச் விளக்கு இருக்கும். தொலைவிலிருந்து ஒரு கணம் மட்டும் பார்த்தால் இரண்டு வெளிச்சமும் ஒன்றுபோலவே நகரும். (வளை தேடுபவருக்கு நோக்கம் உண்டு; விரவும் மூலக்கூறுக்கு அது இல்லை, சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் மோதித் தள்ளுவதால்தான் அது அலைகிறது.)

கைனசின் என்ற இயக்கப் புரதம், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு 8 நானோமீட்டர் தூரத்துக்கு ஓர் அடி எடுத்து வைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 0.8 மைக்ரோமீட்டர். எம்கேக் என்ற புரதமும் கைனசின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது நுண்குழலின் மீது விரவித்தான் நகர்கிறது. எவ்வளவு விரைவாக விரவுகிறது என்பதைக் காட்டும் அதன் விரவல் கெழு நொடிக்குச் சுமார் 0.38 சதுர மைக்ரோமீட்டர் என்பதால், ஒரு நொடியில் அத்தகைய புள்ளி ஏறத்தாழ 0.87 மைக்ரோமீட்டர் விலகுகிறது. ஆகவே ஒரு நொடி அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் போகின்றன. உங்கள் குழப்பம் முற்றிலும் நியாயமானது. ஒன்பது நொடி தொடர்ந்து நகரும் சரக்குகளை ஒப்பிட்டால், இழுக்கப்படுவது 7.2 மைக்ரோமீட்டர் போயிருக்கும், விரவுவது சராசரியாக 2.6 மைக்ரோமீட்டர்தான் விலகியிருக்கும். நேரம் ஒன்பது மடங்கானால் முன்னதன் தூரமும் ஒன்பது மடங்காகிறது, பின்னதன் தூரமோ மூன்று மடங்குதான் ஆகிறது.

இதனால்தான் ஆய்வாளர்கள் பல புள்ளிகளின் பாதைகளைத் திரட்டி, இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரியை நேர இடைவெளிக்கு எதிராக, இரு அச்சுகளையும் மடக்கை அளவில் வைத்து வரைகிறார்கள். சாய்வு 1 எனில் விரவல், 2 எனில் திசைப்பட்ட நகர்வு. கண்ணாடித் தகடே மெல்ல நகர்ந்தாலும் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஓடுவதுபோலத் தோன்றி இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். எனவே தகட்டில் ஒட்டிய அசையாத மணி ஒன்றைக் குறியாகக் கொண்டு, அதன் நகர்வைக் கழித்துவிட வேண்டும்.

சாய்வு 1 வந்துவிட்டாலே மோட்டார் (இயக்கப் புரதம்) இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. கைனசினும் டைனீன் என்ற மற்றோர் இயக்கப் புரதமும் ஒரே சரக்கை எதிரெதிர்த் திசைகளில் இழுத்தால், நீண்ட நேர அளவில் அது விரவலைப் போலவே காட்சியளிக்கும். நேரத்தை ஒரு அச்சிலும் நுண்குழல் நெடுகிலான இடத்தை மற்றோர் அச்சிலும் வைத்து வரையும் கைமோகிராப் படத்தை அப்போது பாருங்கள்: மோட்டார்கள் இழுத்த சரக்கு, திசை மாறும் இடங்களுக்கு இடையே நேரான சாய்கோடுகளை விட்டுச்செல்லும், விரவலோ நடுங்கிய கிறுக்கலாகத் தெரியும். அதிலும் ஐயம் நீங்காவிட்டால் ஏ.டி.பி.யை அகற்றிவிட்டு மீண்டும் படமெடுக்கலாம். இழுக்கப்பட்டவை அப்படியே நின்றுவிடும். விரவுபவை தொடர்ந்து அலைந்துகொண்டிருக்கும்.