நோயெதிர்ப்பு மரபணுக்களைப் படிக்க எதற்கு இத்தனை நாடுகள்? மதுரையிலிருந்து ஒரு பதில்

மனித நோயெதிர்ப்பு மரபணுக்களை வரிசைப்படுத்த ஏன் பல நாட்டு ஆய்வகங்கள் கூட வேண்டியிருந்தது, அதனால் நமக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விஞ்ஞானி இல்லை. மதுரையில் ஒரு லேபில் பதினோரு வருடமாக டெக்னீஷியன். கிட்னியோ எலும்பு மஜ்ஜையோ மாற்றுவதற்கு முன்னால், கொடுப்பவரும் வாங்குபவரும் பொருந்துகிறார்களா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. டைப்பிங்தான் என் வேலை. தன் செல் எது, அந்நியம் எது என்று உடம்பு பார்த்துக்கொள்ளும் அடையாளக் குறிகள்தான் எச்.எல்.ஏ. நீங்கள் கேட்ட நோயெதிர்ப்பு மரபணுக்களில் முக்கியமானவை இந்தக் குறிகளுக்கானவை. அந்த மேசையிலிருந்து தெரிகிற அளவுக்குச் சொல்கிறேன்.

போன வருடம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எட்டு வயதுப் பையன். மஜ்ஜையில் ரத்த அணு ஊறுவது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. அவனுக்கு ஒரு அக்கா. அவள்தான் கொடுக்கப்போகிறாள் என்று முடிவு செய்துகொண்டே வந்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் இருவரும் பொருந்தவில்லை. "ஒரு வயித்துல பொறந்ததுகதானே தம்பி, எப்பிடிச் சேராமப் போகும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு தடவையாவது வரும். எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில் ஒன்றை ஒட்டி ஒன்றாக, ஒரு கட்டாக இருக்கின்றன. அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு. பிள்ளைக்கு இவரிடமிருந்து ஒன்று, அவரிடமிருந்து ஒன்று, பெரும்பாலும் பிரியாமல் முழுக்கட்டாகவே வரும். ஆக, உடன்பிறந்த இருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பெற்றோர் சாதாரணமாகப் பாதிதான் பொருந்துவார்கள்.

ஆனால் இந்தப் பையனுக்கு அவன் அப்பா முழுசாகப் பொருந்தினார். ஒரு எண் கூட மாறவில்லை. ஊதா மூடிக் குழாயை மாற்றி வைத்துத் தொலைத்துவிட்டேனோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. இருவரையும் திரும்ப வரச்சொல்லி, பெயரை அவர்கள் கண் முன்னாலேயே எழுதி ஒட்டி, மறுபடி ரத்தம் எடுத்தேன். அதே விடை. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது: "அக்கா, சொந்தத்துலயா கட்டினீங்க?" "இவரு எங்க அம்மாவோட கூடப்பொறந்த தம்பி" என்றார். தாய்மாமன். விஷயம் விளங்கிவிட்டது. மாமன் பையனுக்கு நேரே கொடுக்காத இன்னொரு கட்டு அவருடைய அக்காவிடமும் இருந்திருக்கிறது. அது அக்கா மகளுக்குப் போய், அங்கிருந்து பையனிடம் சுற்றி வந்திருக்கிறது. எப்போதும் இப்படி அமையாது, எட்டில் ஒரு வாய்ப்புதான். சொந்தத்தில் கட்டுவதால் வேறு பரம்பரை நோய்கள் வருவதும் உண்மை, அது தனிக் கதை.

சரி, அப்பாவும் மகனும் ஒன்று என்று நான் எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போட்டேன்? ஏ*24:02 என்று ஒரு எச்.எல்.ஏ. வகையின் பெயர் ரிப்போர்ட்டில் இருந்தால் அது மதுரையிலும் டோக்கியோவிலும் ஒரே பொருளைத்தான் குறிக்கும் என்ற தைரியம்தான். உங்கள் கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

இந்தத் தைரியம் சும்மா வரவில்லை. 1958-இல் பிரான்சில் ழான் தொசே முதல் எச்.எல்.ஏ. குறியைக் கண்டுபிடித்தார். பின்னாளில் நோபல் வாங்கியதும் அதற்காகத்தான். அதே வருடம் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் வேறு இருவர், பல பிள்ளை பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டார்கள். பிள்ளையிடம் இருக்கும் அப்பா வழிக் குறியைத் தாயின் உடம்பு அந்நியமாக எடுத்துக்கொள்வதால் வருவது அது. ரொம்ப காலத்துக்கு இந்த டெஸ்ட்டே அந்தத் தாய்மார்களின் சீரத்தை வைத்துத்தான் நடந்தது. சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு லேபும் தான் கண்டதற்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது. நம்மூர்த் தெருவில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதி வைத்துத் தபால்காரரைச் சுற்றவிடுவோமே, அந்த மாதிரி. 1964-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எல்லோரையும் கூட்டி ஒரே செல்களைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆளுக்கொரு விடை வந்தது. அந்த வெட்கத்திலிருந்துதான் கூட்டு முயற்சியே பிறந்தது என்பேன். 1968-இல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பெயர் வைப்பதற்கென்றே ஒரு குழு வந்துவிட்டது.

மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்தது பிறகு. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆய்வகங்கள் ஆறாவது குரோமோசோமின் அந்தப் பகுதியைப் பங்கு போட்டுக்கொண்டு படித்து, 1999 அக்டோபரில் சுமார் 36 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளை வெளியிட்டன. 224 மரபணு இடங்கள். ஆனால் அது பலருடைய டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக ஒட்டிய வரிசை, எந்த ஒரு மனிதருக்கும் சொந்தமில்லாதது. அதனால் இரண்டு கட்டும் ஒரே மாதிரி அமைந்தவர்களின் செல்களைத் தேடிப்பிடித்து எட்டு வரிசைகளைப் படித்தார்கள். அந்த வேலை 2008-இல் முடிந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் எது எந்தக் கட்டு என்ற குழப்பமே இல்லை. நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் அப்படி அமைவது கூடுதல். இதைப் படித்தபோது எனக்கு உசிலம்பட்டி ஞாபகம்தான் வந்தது.

அந்த எட்டும் ஐரோப்பிய வம்சாவளிச் செல்கள். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. நம் ஆட்கள் இந்த வேலைக்குப் புதியவர்கள் இல்லை. இங்கே காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் 1980களிலேயே மதுரை வட்டாரச் சமூகங்களின் எச்.எல்.ஏ.வைப் பார்க்கத் தொடங்கி, டிஆர்2 என்ற எச்.எல்.ஏ. வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் தொடர்பு இருப்பதை எழுதினார்கள். இப்போது ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் முழு டி.என்.ஏ. வரிசை வந்திருக்கிறது. கொஞ்சம் ஆறுதல்.

கண்டுபிடித்த எச்.எல்.ஏ. வகைகளையெல்லாம் பதிந்து வைக்கும் பொதுப் பேரேடு 1998 முதல் இங்கிலாந்தில் இருக்கிறது. 40,000 வகைகளைத் தாண்டிவிட்டது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வரும். அதை சாஃப்ட்வேரில் ஏற்றும் நாள் எங்களுக்குப் பாதி வேலை கெடும் நாள். எல்லோருக்கும் ஒரே பெயர் இருப்பதன் பலனுக்கு ஒரு உதாரணம்: வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மாத்திரையால் சிலருக்குத் தோல் வெந்தது போல உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பி*15:02 என்ற எச்.எல்.ஏ. வகை இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்று 2004-இல் கண்டது தைவானில். இன்று மதுரையில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன் அதே பெயரைச் சீட்டில் எழுதி எங்களிடம் அனுப்புகிறார்.

ஒரு சின்னக் குறிப்பு. 2010-க்கு முந்தைய ரிப்போர்ட் வைத்திருந்தால் அதில் எண்களுக்கு நடுவே முக்காற்புள்ளி இருக்காது, 2402 என்று சேர்ந்தே இருக்கும். வகைகள் பெருகி இரண்டிலக்க எண் போதாமல் போனதால் அந்தப் புள்ளியைச் சேர்த்தார்கள். வேறு ஆளின் ரிப்போர்ட் என்று பயப்பட வேண்டாம். டெஸ்ட்டுக்கு வரும்போது பழைய தாள்களையும் எடுத்து வாருங்கள், அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள். முக்கியமாக, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இது சுகர் டெஸ்ட் இல்லை. அந்தப் பையனின் அப்பா இரண்டு தடவையும் விடிகாலை பஸ் பிடித்து வெறும் வயிற்றோடுதான் வந்து நின்றார்.