அமெரிக்க வெங்காயத்தில் குழம்பு ஏன் இனிக்கிறது?

தம்பி, டெக்சாஸுக்குப் படிக்க வந்து ஒரு மாதம் ஆகிறது, அம்மா சொன்னபடியே கோழிக் குழம்பு வைத்தும் இனிக்கிறது, சாம்பாருக்குச் சின்ன வெங்காயமும் கிடைக்கவில்லை, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மசாலாவில் குறை இருக்காது. வாங்கிய வெங்காயத்தையும், அதை எண்ணிப் போட்டதையும்தான் பார்க்க வேண்டும்.

ஊரில் 'ரெண்டு பெரிய வெங்காயம்' என்றால் இரண்டும் சேர்ந்து 200 கிராம் பக்கம் வரும். இங்கே ஜம்போ என்று உதிரியாகக் குவித்திருப்பதில் ஒன்றே 300 கிராமைத் தாண்டும். இரண்டை நறுக்கிப் போட்டால் அம்மா சொன்னதைப் போல மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. சின்னதாக ஒரு சமையல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ கோழிக்கு, தோல் உரித்த வெங்காயம் 200 கிராம் போதும்.

அடுத்தது வகை. ஸ்வீட் ஆனியன் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைக் குழம்புக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஜார்ஜியாவின் வைடேலியா, வாஷிங்டனின் வாலா வாலா, உங்கள் டெக்சாஸின் 1015 எல்லாம் இந்த இனம்தான். (1015 என்பது விதைக்கும் நாள், அக்டோபர் 15.) மேலும் கீழும் சற்றுத் தட்டையாக, வெளிர் மஞ்சளாக, மெல்லிய தோலோடு இருக்கும். இதில் சர்க்கரை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மஞ்சள் வெங்காயத்திலும் அதே அளவு சர்க்கரை உண்டு, சில சமயம் கூடுதலாகவே இருக்கும். ஸ்வீட் ஆனியனில் காரத்தைத் தரும் கந்தகம் குறைவு, தண்ணீர் அதிகம். காரம் இல்லாததால் நாக்குக்கு இனிப்பு மட்டும் எட்டுகிறது. வாணலியில் அது சிவப்பதற்கு முன் தண்ணீர் விட்டு வெந்து கரைந்துவிடும். குழம்புக்கு வாசமும் வராது. பச்சையாக நறுக்கி சாண்ட்விச்சில் வைக்க நல்ல வெங்காயம், அவ்வளவுதான்.

தினச் சமையலுக்கு மூன்று பவுண்டு வலைப்பையில் வரும் யெல்லோ ஆனியன் வாங்குங்கள். உருண்டையாக, தோல் அடர்ந்த செம்புநிறமாக இருக்க வேண்டும்; கையில் எடுத்தால் காய்ந்த தாள்போலச் சலசலக்க வேண்டும். தண்டு இருந்த கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது அமுங்கினால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

வதக்குவதில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுகிறார்கள். சின்னச் சட்டியில் குவித்துப் போட்டால் வெங்காயம் தன் ஆவியிலேயே வேகும், வதங்காது. பன்னிரண்டு அங்குல வாணலியில் 200 கிராமுக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, காய்ந்ததும் வெங்காயத்தைப் போட்டு, அரைத் தேக்கரண்டி உப்பு தூவுங்கள். உப்பு தண்ணீரை இழுத்துச் சீக்கிரம் மென்மையாக்கும். நிறம் மாறி, ஓரம் பழுப்பாகி, எண்ணெய் பிரிய 12 முதல் 15 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் தக்காளியைக் கொட்டினால் அந்தப் புளிப்பில் வெங்காயம் அதற்குமேல் குழையாது, கடிபட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் அபார்ட்மென்டில் சுருள் கம்பி சூடாகும் மின்சார அடுப்பு (coil) இருந்தால் இன்னொரு சிக்கல்: குமிழைக் குறைத்தாலும் சூடு உடனே தணியாது. கருகப்போகிறது என்றால் வாணலியையே தூக்கி வேறு இடத்தில் வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து அடியைச் சுரண்டுங்கள். பல வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளாது, சமையலறைக்கே திருப்பிவிடும். புகை அலாரம் அலறும் முன் ஜன்னலைத் திறந்து வைத்துவிடுங்கள்.

நேரமில்லை என்று வெங்காயத்தைப் பச்சையாகவே மிக்சியில் அரைத்து ஊற்றாதீர்கள், கசக்கும். வதக்கி, ஆறவைத்து அரையுங்கள். ஏற்கெனவே இனித்துப்போன குழம்பு மிச்சமிருந்தால் மிளகாய்த்தூளைக் கூட்ட வேண்டாம். கொஞ்சம் புளிக்கரைசலும் மிளகுத்தூளும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

இனிச் சின்ன வெங்காயம். சூப்பர் மார்க்கெட்டில் பேர்ல் ஆனியன் என்று குண்டு குண்டாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாம்பாரில் மிதக்கும்போது அச்சு அசலாக இருக்கும், வாசம்தான் இருக்காது. வியட்நாம், தாய்லாந்துக் கடைகளில் சிவப்பாகச் சின்னதாக ஷாலட் கிடைக்கும். நம் வெங்காயத்துக்கு மிக நெருக்கம் அதுதான். அது இல்லாவிட்டால் எல்லாக் கடையிலும் கிடைக்கும் பழுப்புத் தோல் ஷாலட்டை வாங்கி நீளவாக்கில் இரண்டாகவோ நான்காகவோ பிளந்துகொள்ளுங்கள். நாலு பேர் சாம்பாருக்கு அதில் நாலைந்து போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் தோல் சுலபமாக வந்துவிடும். நல்லெண்ணெயில் மேலே பழுப்புப் புள்ளி விழும்வரை வதக்கிப் புளித்தண்ணீரில் போட்டால், வத்தக்குழம்புக்கு வேண்டிய வாசம் அதிலேயே வரும். இந்தியக் கடையில் உரித்து உறைய வைத்த சின்ன வெங்காயம் இருந்தால் அதுவும் சரி, அரைத்துவிட ஏற்றது. ஆனால் உருகவிட்டுப் போட்டால் சொதசொதவென்று ஆகும்; உறைந்தபடியே சூடான எண்ணெயில் போட்டு, தீயைக் கூட்டி நீரை வற்றவிடுங்கள்.

கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும் ரெட் ஆனியன் தயிர்ப் பச்சடிக்கும் சாலட்டுக்கும் நன்றாக இருக்கும். காரம் தூக்கலாகத் தெரிந்தால் மெல்லிசாக அரிந்து பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டு வடித்துவிடுங்கள். குழம்புக்கும் போடலாம், தவறில்லை. வெள்ளை வெங்காயம் மெக்சிகோக்காரர்கள் சமையலுக்கு உகந்தது, நமக்கு அது இல்லாமலே நடக்கும். பக்கோடாவுக்கு மஞ்சள் வெங்காயத்தையே அரிந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, பத்து நிமிடம் விட்டு, ஊறிவரும் நீரிலேயே மாவைக் கலக்குங்கள். தனியாகத் தண்ணீர் ஊற்றினால் மொறுமொறுப்பு போய்விடும்.

வாங்கி வந்ததைப் பிளாஸ்டிக் பையிலும், சிங்க் அடியிலும், உருளைக்கிழங்கோடும் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் முளைத்து அழுகும். காற்றாட வலைப்பையிலேயே தொங்கவிடலாம். ஃபிரிட்ஜில் முழு வெங்காயம் தொளதொளத்துவிடும். நறுக்கியதை மட்டும் மூடிபோட்ட டப்பாவில் மூன்று நாள் வைக்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் கிடைக்கும் மஞ்சள் வெங்காயம் பெரும்பாலும் போன கோடை முடிவில் அறுவடை செய்து சேமித்தது. உள்ளே பச்சைக் குருத்து இருந்தால் கீறி எடுத்துவிட்டு மீதியை வதக்கிக்கொள்ளுங்கள். குருத்தை விட்டுவைத்தால் லேசாகக் கசக்கும்.