அமெரிக்காவில் ஒரே காப்பீட்டுக்குத் தற்பாலினத் தம்பதிகள் மட்டும் ஏன் கூடுதல் வரி கட்டினார்கள்? இப்போதும் அப்படித்தானா?

காரணம் 1996-ல் வந்த ஒரு சட்டம். திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பதுதான் என்று மத்திய அரசு அதில் வரையறுத்தது. தற்பாலினத் திருமணத்தை அனுமதித்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முறைப்படி மணந்தவர்கள்கூட மத்திய வரித்துறையின் கண்ணுக்கு அந்நியர்களாகத்தான் இருந்தார்கள்.

நிறுவனம் ஊழியரின் கணவனுக்கோ மனைவிக்கோ மருத்துவக் காப்பீடு கட்டினால் அதற்கு வரி கிடையாது. அன்று தற்பாலினத் துணைக்குக் கட்டினாலோ, அந்தத் தொகை ஊழியரின் சம்பளத்தோடு சேர்க்கப்பட்டது. கையில் ஒரு காசு வராது, வரி மட்டும் வரும். ஒரு கணக்குப் போடுவோம்: துணைக்காக நிறுவனம் மாதம் 500 டாலர் கட்டுகிறது, ஆண்டுக்கு 6,000. வருமான வரி 25 சதவீதம் என்றால் 1,500 டாலர். ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் ஆகியவற்றுக்கான பிடித்தம் 7.65 சதவீதம், அது 459. ஆக 1,959 டாலர் தண்டம். நிறுவனமும் தன் பங்குக்கு அதே 7.65 சதவீதம் கட்ட வேண்டும். 2010-ல் கூகுள் இந்த இழப்பை ஈடுகட்டச் சம்பளத்தை ஏற்றிக் கொடுத்தது; எல்லா முதலாளிகளுக்கும் அந்த மனசு வருமா என்ன?

இந்தச் சட்டத்தை வீழ்த்தியதும் ஒரு வரி வழக்குதான். மனைவி இறந்த பிறகு எடித் விண்ட்சர் என்ற பெண் 3,63,053 டாலர் வாரிசு வரி கட்ட நேர்ந்தது. அவர் தொடுத்த வழக்கில் 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த வரையறையை ரத்து செய்தது. 2015-ல் நாடு முழுவதும் தற்பாலினத் திருமணம் சட்டப்படியானது.

சரி, இப்போது? மணந்தவர்களுக்கு இந்த வரி இல்லை. மணக்காமல் சேர்ந்து வாழும் இணையர் என்றால், துணைவர் வரிச் சட்டப்படி உங்களைச் சார்ந்திருப்பவராக இல்லாதவரை, பழைய கதைதான்.